ஆட்டைத் திட்டிய ஆராய்ச்சி

என் மாணவி ஒருத்தியின் ஆராய்ச்சியை நான் திருடினேன். 'உள்வாங்கினேன்', 'விரிவுபடுத்தினேன்' என்று மழுப்புவதற்கு எங்கள் துறையில் சொற்கள் நிறைய உண்டு. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பெடுத்தவனே நான்தான். திருடினேன் என்பதே சரி.

இந்தத் தொடரில் இதுவரை ஹாஸ்டல் சாம்பார், முதல் வேலை, மாமனார் வீட்டு விருந்து என்று எழுதி வந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் போனில் கூப்பிட்டு, "ஒங்கள மாதிரி உத்தமருங்க இப்ப எங்க சார் இருக்காங்க" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் இது.

கறம்பக்குடியில் மினி பஸ் ஏறி, இறங்கி, விசாரித்துக்கொண்டு அந்த ஓட்டு வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது வெயில் ஏறியிருந்தது. என் மாணவி ஜெனிதாவின் அம்மா சவரியம்மாள், ஒடித்த முருங்கைக் கொத்தை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் துவைத்த துணி கிடந்தது. அதை எடுத்துப் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சவரியம்மாள் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தாலும் 'வாங்க' என்ற ஒரு சொல் வரும். எனக்கு வரவில்லை. அவர் ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏ செவல, அடுத்தவ பாடுபட்டு வெதச்ச கொல்லயில நொழஞ்சு மேஞ்சுட்டு, இங்கிட்டு வந்து ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கிறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

ஆடு முருங்கையைத் தின்றது.

"பெரிய படிச்ச ஆடுன்னு நெனப்பு. நரச்ச தாடி வேற."

ஆட்டுக்குத் தாடி இருந்தது உண்மைதான். அது நரைத்திருக்கவில்லை. நரைத்த தாடி என்னுடையது.

இப்படி ஒருவரைப் பார்த்து இன்னொருவரைத் திட்டுவதற்குச் சாடை பேசுவது என்று பெயர். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கியும் இருப்பீர்கள். ஆடு அங்கேயே தின்றுகொண்டிருக்கட்டும். நான் ஏன் அங்கே போய் நின்றேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பினாயில் வாசனையில் தத்துவம்

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. முன்பு நல்ல அறையில்தான் இருந்தோம். யோகா டிப்ளமோவுக்கு ஆள் குவிந்ததும் அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அங்கே மூச்சை இழுத்துவிட்டார்கள். நாங்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உண்மை என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் சேருகிற மாணவர்கள் பெரும்பாலும் வேறு துறையில் இடம் கிடைக்காதவர்கள். அவர்களுக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் மனம் நோகவில்லை.

ஜெனிதா மட்டும் தத்துவம்தான் வேண்டும் என்று கேட்டு வந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா ஆட்டைத் திட்டுறதப் பத்தி சார்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மாவுக்கும் சித்தப்பா மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு கொல்லைக்கும் எல்லையில் நின்ற பலாமரம் யாருடையது என்று சண்டை. பெரும்புயல் அடித்த வருடம் அந்த மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. சண்டை சாயவில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் இடையே போகாத சேதியே இல்லை. "ஏ செவல, நாளைக்குக் கரண்டு இருக்காதாம், மாவ இன்னைக்கே ஆட்டிப்புடணும்" என்று சவரியம்மாள் ஆட்டிடம் சொல்வார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும்.

"இது தத்துவமா, ஊர்வம்பா?" என்றேன்.

"வம்புக்குள்ளதான் சார் இருக்கு. உரிச்சுப் பாக்கணும்."

உரித்துப் பார்க்கக் கிளம்பினாள். கட்டுமாவடியில் மீன்காரப் பெண்கள் கூடையைத் திட்டுவதுபோல எதிரே உட்கார்ந்திருப்பவளைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் மீன் வாடையோடு துறைக்கு வருவாள். பினாயிலுக்கு அது எவ்வளவோ தேவலை. கல்யாண வீடு, குழாயடி, ஆஸ்பத்திரி வராந்தா என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒரு மத்தியானம், என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னாள்.

"எல்லாரும் சாடை பேசுறது மறைக்கிறதுக்குன்னு நெனக்கிறாங்க சார். எதை மறைக்க? யாரைச் சொல்றாங்கன்னு ஊருக்கே தெரியும். ஆட்டுக்கே தெரியும்."

"பின்னே எதுக்கு?"

"எதிராளிய பதில் சொல்ல விடாமப் பண்றதுக்கு. எங்க சின்னம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா, 'ஒன்னயா சொன்னேன், ஆட்டயில்ல சொன்னேன்'னு எங்கம்மா சொல்லிரும். பதில் சொன்னவ தானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதனால சாடையில திட்டலாம், மெரட்டலாம், பெருமையடிக்கலாம், சேதி சொல்லலாம். மன்னிப்பு மட்டும் கேக்க முடியாது."

"ஏன்?"

"மன்னிப்புக் கேக்குறதுன்னா, எதிராளி முடியாதுன்னு சொல்றதுக்கு எடம் விடணும்ல சார்? சாடையில அந்த எடமே கெடையாதே."

பேச்சைப் பற்றித் தத்துவக்காரர்கள் எழுதியதையெல்லாம் மொத்தமாகப் படித்தவன் நான். பணிக்காலம் முழுக்கப் பாடம் நடத்தினேன். என் தலைக்குள் இப்படி ஒன்று ஒருநாளும் முளைத்ததில்லை. "நல்லா இருக்கும்மா, எழுதிக் கொண்டா" என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் மகிழ வேண்டிய நேரம் அது. எனக்கு வயிறு எரிந்தது.

'நாங்கள்' எப்போது 'நான்' ஆனது

வெளியூரில் ஒரு கருத்தரங்கம். என்னிடம் பேச ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை, ஆனால் அன்றைக்கு அது எனக்கே தெரிந்திருந்தது. ஜெனிதா எழுதிக் கொடுத்த அத்தியாயம் பையில் இருந்தது.

"எங்கள் துறையில் நாங்கள் இப்போது ஆராய்ந்துவருவது" என்றுதான் தொடங்கினேன். ஆட்டைப் பற்றிச் சொன்னதும் அரங்கம் கலகலத்தது. பலாமரம் சாய்ந்ததும் கைதட்டல். மன்னிப்புக்கு வந்தபோது ஒருவரும் அசையவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. என் வகுப்புகளிலும் அமைதி உண்டு. அது தூக்கத்தால் வருவது.

தலைவர் எழுந்து, "இப்படி ஒரு கோணத்தைப் பேராசிரியர் எப்படிப் பிடித்தாரோ" என்றார். அங்கே ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றெழுத்துப் பெயர்தான். நான் தலையைச் சாய்த்துப் புன்னகை செய்தேன்.

அடுத்த கூட்டத்தில் 'நாங்கள்' போய் 'நான்' வந்துவிட்டது. கட்டுரைத் தொகுப்புக்குக் கேட்டார்கள். அவளுடைய ஆங்கில வாக்கியங்களை வார்த்தை பிசகாமல் அப்படியே கொடுத்தேன். திருடும்போதுகூடப் பாடுபடவில்லை. அடிக்குறிப்பில், 'மாணவர்களுடன் நடந்த உரையாடல்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்று ஒரு வரி. நன்றியையும் சாடையாகத்தான் சொன்னேன்.

பிறகு ஜெனிதா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். இப்போதெல்லாம் ஆய்வேட்டைக் கணினியில் போட்டு, எங்கிருந்தாவது காப்பி அடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நூலகத்திலிருந்து போன் வந்தது.

"சார், ஜெனிதா தீசிஸ்ல ஒரு சாப்டர் முழுக்கச் செவப்பா வருது. எல்லாம் ஒங்க கட்டுரைதான் சார். வேற ஆள் கெடைக்காம ஒங்களயே காப்பி அடிச்சிருக்கு அந்தப் புள்ள."

"அப்படியா?" என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அவற்றில் ஆக மோசமானது இந்த ஒற்றைச் சொல்தான்.

விஷயம் துறை முழுக்கப் பரவிவிட்டது. ஜெனிதா என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்."

"அந்த ஒரு சாப்டர எடுத்துட்டு மத்தத வச்சு முடிச்சிரும்மா. டிகிரிதான முக்கியம்?"

"அதை எடுத்துட்டா மிச்சம் ஆடு மட்டும்தான் சார் இருக்கும்."

பட்டம் வாங்காமலே போய்விட்டாள். கறம்பக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்றபோது எனக்குப் பொன்னாடை போர்த்தி, தகைசால் பேராசிரியர் என்று ஒரு பட்டமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்த மாணவர்களிடம், குருவிடமே திருடினால் என்ன ஆகும் என்பதற்கு அவளைத்தான் உதாரணம் காட்டினார்களாம்.

மிக்ஸி நின்றது

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். ஒரு வீடியோ சேனலுக்காக என்னைப் பேட்டி எடுக்க வேண்டுமாம். கேமராவை வைத்துவிட்டு, "சாடை பத்தின அந்தக் கருத்து ஐயாவுக்கு எப்படித் தோணுச்சு?" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "எங்க அம்மா ஒரு ஆடு வளத்தாங்க. பக்கத்து வீட்டோட பேச்சு கிடையாது..."

சமையலறையில் மிக்ஸி நின்றது. என் மனைவி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தேங்காய்ச் சட்னிக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, ஒங்க அம்மா எப்பங்க ஆடு வளத்தாங்க? போஸ்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் மாடியிலயா?"

இளைஞர் கேமராவை நிறுத்துவதா வேண்டாமா என்று முழித்தார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கருத்தைத் திருடியவன், இப்போது ஜெனிதாவுடைய அம்மாவையும் திருடிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆட்டுக்கும் வேறு பெயர் வைத்திருப்பேன்.

இளைஞரை அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் புள்ள வீடு எங்கிட்டு இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அவள் கூட வரவில்லை. "மேஞ்சது நீங்க, நான் எதுக்கு?" என்றாள். சவரியம்மாளும் அதையேதான் சொல்லப் போகிறார் என்று இருவருக்கும் தெரியாது.

ஆட்டுக்குப் பதிலாக

ஆக, அங்கே நின்றுகொண்டிருந்தேன். சவரியம்மாள் நிறுத்தவில்லை.

"வயித்த நெப்பிக்கிட்டுப் போயிருச்சு. பழி யாருக்கு? மொளச்சும் மொளைக்காத பயிருக்கு."

பக்கத்துக் கொல்லையில் பாத்திரம் துலக்கும் சத்தம் ஓய்ந்தது. சின்னம்மா காதைக் கொடுத்துவிட்டார் என்று புரிந்தது.

சாடையில் அகப்பட்டவன் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஒத்துக்கொள்ளத்தானே வந்திருக்கிறோம் என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. படித்தவர்களுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதம்.

"ஆமாங்க," என்றேன். "மேஞ்சது நான்தான்."

சவரியம்மாள் வெடுக்கென்று திரும்பினார். அத்தனை வருடச் சாடையில் யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

"நான் ஆட்டச் சொல்றேன்."

"இல்லீங்க. என்னையத்தான் சொல்றீங்க. ஒங்க மக எழுதினத என் பேர்ல போட்டுக்கிட்டேன். அந்தப் புள்ள திருடிருச்சுன்னு எல்லாரும் சொன்னப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

சவரியம்மாளின் கையில் முருங்கைக் கொத்து அப்படியே நின்றது. ஆடு எக்கி எக்கிப் பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சின்னம்மாவின் குரல் கேட்டது. அவர் கோழியோடு பேசினார்.

"கேட்டியாடி கோழி? எம்புட்டுப் பெரிய மனுசன், வந்து ஒத்துக்கிட்டாரு. சில பேரு பலாமரத்தையே முழுங்கிட்டு ஏப்பம் விடாம உக்காந்துருக்காக."

சவரியம்மாள் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

எனக்குப் பின்னால் ஜெனிதா நின்றிருந்தாள். மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்திருக்கிறாள். தலையில் முக்காடு இன்னும் இருந்தது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என்ன சார் வேணும்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்மா."

"யார்கிட்ட? எங்க அம்மாகிட்டயா, ஆட்டுக்கிட்டயா?"

"ஒன்கிட்ட. ஜெனிதா, ஒன் ஆராய்ச்சிய நான் திருடினேன். கேட்டவங்ககிட்ட உண்மையச் சொல்லல. என்னை மன்னிக்கணும்."

அவள் முக்காட்டை எடுத்து மடித்தாள். அவசரமே இல்லாமல் மடித்தாள்.

"இங்க கொல்லயில வந்து சொல்றது ஈசி சார். கேக்குறதுக்கு ஒரு ஆடு, ஒரு கோழி. என்னைத் திருடின்னு சொன்ன எடம் ஒண்ணு இருக்குல்ல, அங்கிட்டுப் போய்ச் சொல்லுங்க. எனக்கு வைவா நடக்கணும். மத்தது அப்பறம்."

"சொல்றேன்மா."

"வெயில்ல நிக்கிறாரு பாரு, ஒரு சொம்பு தண்ணி குடு," என்று சவரியம்மாள் மகளிடம் சொன்னார். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

தன் மேல் தானே புகார்

மறுவாரமே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பிரிவு அலுவலர் பழக்கமானவர். நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

"யார் மேல சார் புகார்?"

"என் மேல."

"குடுக்குறது யாரு?"

"நான்தான்."

அவர் பேனாவை மூடினார். "ரெண்டும் ஒரே ஆளா இருந்தா எந்த செக்‌ஷனுக்கு அனுப்புறதுன்னு தெரியலயே சார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றார்.

பழைய சகா ஒருவர் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏன்யா ஊரைக் கூட்டுற? இதை நோண்டுனா நம்மாளுங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்குப் போகணும்."

"நான் ஏற்கெனவே வீட்லதான்யா இருக்கேன்," என்றேன்.

ஒருவழியாகக் குழு போட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். துறைச் சுவரில் இருந்த என் படம் இறங்கியது. அந்த இடத்தில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. அது ஓடாது என்றும் கேள்வி. என் போனுக்கு வருகிற அழைப்புகள் குறைந்தன. கல்யாணப் பத்திரிகைகளும் குறைந்தன. இரண்டாவதில் எனக்குக் கொஞ்சம் லாபம்தான்.

ஜெனிதாவின் ஆய்வேட்டை வேறொரு பேராசிரியரின் வழிகாட்டலில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதால் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் சவரியம்மாள் பட்டுச் சேலையில் இருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மையார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசியா ஒண்ணு. ஒங்க பழைய கைடு ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டார்னு ஃபைல்ல இருக்கு. ஒங்க தியரிப்படி அது மன்னிப்புக் கேட்டதா ஆகுமா?"

அரங்கம் மொத்தமும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

"ஆகும் மேடம்," என்றாள் ஜெனிதா. "நேரா நின்னு, என் பேரைச் சொல்லி, என்ன செஞ்சார்னு சொல்லித்தான் கேட்டார். கேட்டது செல்லும். பதில் சொல்லியே ஆகணும்னு என் தியரியில எங்கயும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். கேள்வி இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். சவரியம்மாள் அழுதார். சமோசா வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

ஜெனிதா இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறாள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளுக்கு அனுப்பி, பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வாட்ஸப்பில் குரல் பதிவாகப் பதில் வந்தது.

"பேரை மாத்தாதீங்க சார். ஒரு தடவ விட்டுப்போனது போதும். ஆனா ஒரு எடம் தப்பு. மறுவாரமே யுனிவர்சிட்டி போனேன்னு எழுதியிருக்கீங்க. போகல. பொங்கல் தாண்டிருச்சு. நடுவுல நான் எத்தன தடவ போன் பண்ணேன், நீங்க எடுக்கல. ஒரே ஒரு தடவ எடுத்து, ரேஷன் கடையில நிக்கிறேன்னு சொல்லி வச்சுட்டீங்க."

அவ்வளவுதான். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கறம்பக்குடியில் இருந்த தைரியம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இறங்கிவிட்டது. பட்டம் போய்விடுமே என்று மழைக்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தேன். ரேஷன் கடை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் எழுதும்போது கை தானாக 'மறுவாரமே' என்று எழுதியது. அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டுச் சரியாக எழுதி அனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்படிச் செய்தால், உண்மையை நானாகவே சொன்னதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே என் பொய் மேலே அப்படியே இருக்கிறது. திருத்தம் முனைவர் ஜெனிதாவுடையது.